போர்டில் ஓடிய டைமர்

எனக்கு வாய் திக்கும். எல்லா எழுத்துக்கும் இல்லை. 'ப' வந்தால் உதடு ஒட்டிக்கொள்ளும், 'க' வந்தால் தொண்டை அடைத்துக்கொள்ளும். அப்படிப்பட்ட நான் வேலைக்குப் போனது கடைகளுக்குப் பில் போடும் சாஃப்ட்வேர் விற்கிற ஒரு கம்பெனிக்கு. பில் என்ற சொல்லைச் சொல்லாமல் அங்கே ஒரு காலைப்பொழுதைக்கூடக் கழிக்க முடியாது.

நாகல் நகரில் ஒரு பாத்திரக் கடைக்கு மேலே மாடியில் ஆபீஸ். கடைக்காரர்கள் கோளாறு என்று போன் செய்தால் மற்றவர்கள் எடுத்துப் பேசுவார்கள். எழுத்தில் வரும் புகார்களுக்குப் பதில் எழுதுவது மட்டும் என் வேலை. போன் அடித்தால் என் பக்கம் யாரும் திரும்ப மாட்டார்கள். அதை மரியாதை என்று நான் எடுத்துக்கொண்டிருந்தேன்.

என் அடுத்த நாற்காலியில் தாடிக்கொம்புப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து வருகிற பெண். அவள் வீட்டில் மல்லிகைத் தோட்டம். நானும் அவள் வயதுப் பெண்தான். சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள அவள் கொண்டுவரும் வெஞ்சனத்தில் பாதி எனக்கு, என் டப்பாவில் பாதி அவளுக்கு. நான் ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டால் அவள் அவசரப்படுத்த மாட்டாள். சோற்றைப் பிசைந்துகொண்டே காத்திருப்பாள். அப்படிக் காத்திருக்கிற ஆள் என் வாழ்க்கையில் அதற்கு முன் இருந்ததில்லை.

பிறகு ஒட்டன்சத்திரத்துக்காரர் ஒருவர் மேனேஜராக வந்தார். எங்கள் மாடி, மதுரை ஆபீஸ், கோயம்புத்தூர் ஆபீஸ் எல்லாரையும் ஒரே சாட் குரூப்பில் போட்டார். ஒரே கோளாறை மூன்று ஊரிலும் தனித்தனியாக மண்டையை உடைத்துக்கொண்டு சரிசெய்வதும், சொன்ன பதில் சாட்டில் மேலே மேலே போய்க் காணாமல் போவதும் அவருக்குப் பிடிக்கவில்லை. அதனால் சாட்டோடு ஒரு போர்டையும் இணைத்தார். கம்ப்யூட்டர் திரையிலேயே விரிகிற பெரிய வெள்ளைப் பலகை அது. சாட்டில் யாரோ எழுதியதைப் பிடித்து இழுத்துப் போர்டில் விட்டால் மஞ்சள் சீட்டாக ஒட்டிக்கொள்ளும். சீட்டுக்குச் சீட்டு கோடு இழுக்கலாம், படம் வரையலாம். போர்டைத் திறந்திருக்கிற ஒவ்வொருவரின் அம்புக்குறியும் பெயரோடு அதில் நகரும். யார் எதைத் தொடுகிறார்கள் என்று எல்லாருக்கும் தெரியும்.

நான் அந்தப் போர்டில் குடியேறிவிட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். குஜிலியம்பாறையில் ஒரு உரக்கடைக்காரர், கரண்ட் போய் வந்தால் பழைய பில் நம்பரே மறுபடி விழுகிறது என்று எழுதியிருந்தார். அதே புகார் மூன்று ஊரிலும் வேறு வேறு வார்த்தையில் கிடந்தது. எல்லாவற்றையும் இழுத்து ஒட்டி, எங்கே பிசகுகிறது, எதை முதலில் பார்க்க வேண்டும் என்று கோடு போட்டுக் காட்டினேன். அதைப் பார்த்து மூன்று ஊரிலும் வேலை செய்தார்கள். சாட்டில் கேள்வி வந்தால் முதல் பதில் என்னுடையதாக இருக்கும். கேலிக்குக் கேலி, பதிலுக்குப் பதில். என்னை நேரில் பார்க்காத கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் ஒருநாள், "நீங்க செம வாயாடிங்க" என்று எழுதினார். அன்று முழுக்க அந்த வரியைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்த்தேன். என்னை வாயாடி என்று சொன்ன முதல் மனிதர் அவர்.

அந்தச் சந்தோஷத்துக்கு மேனேஜரே முடிவு கட்டினார். படித்துவிட்டுப் போனால் போதாது, போர்டு போட்டவரே வாயால் விளக்கினால்தான் மற்றவர் மனதில் நிற்கும் என்று சொல்லி, வெள்ளிக்கிழமைதோறும் கேமராவோடு மீட்டிங் வைத்தார். முதல் மீட்டிங்கில் என் போர்டு. எழுத்திலேயே விளக்கட்டுமா என்று கேட்டு அவருக்கு எழுதினேன். பயத்தை விட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று பதில் வந்தது. பக்கத்து நாற்காலிக்காரியிடம் சொன்னேன்.

"நீ ஏன் கவலப்படுற? நான் ஒம் பக்கத்துலதான இருப்பேன்" என்றாள்.

இருந்தாள். கையை நீட்டினால் தொடுகிற தூரத்தில், அவளுடைய லேப்டாப்போடு.

வணக்கம் சொன்னேன். அது வந்தது. அடுத்த சொல் பில். உதடு ஒட்டிக்கொண்டது. கண்ணை மூடி, மூச்சை விட்டு, மறுபடி முயன்றேன். கண்ணைத் திறந்தபோது போர்டில் சிரிக்கிற எமோஜி முகங்கள் மிதந்துகொண்டிருந்தன. முதலில் ஒன்று இரண்டு. பிறகு கூட்டமாக. எல்லார் அம்புக்குறிகளும் என் மஞ்சள் சீட்டுகளைச் சுற்றி ஈ மொய்க்கிற மாதிரி சுற்றின. அந்தப் போர்டில் டைமர் என்று ஒன்று உண்டு. பேசுகிறவருக்கு நேரம் குறிப்பதற்காக வைத்திருந்தார்கள். ஆரஞ்சு நிற அம்பு ஒன்று கூட்டத்திலிருந்து பிரிந்து, நிதானமாக மேலே போய், அந்த டைமரை அமுக்கியது. அம்புக்குக் கீழே என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளின் பெயர்.

திரும்பிப் பார்த்தேன். அவள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிக்கக்கூட இல்லை.

"மெதுவாச் சொல்லுங்க, அவசரமொண்ணுமில்லீங்க" என்றார் மேனேஜர். "டைமர் ஓடுது, அம்புட்டுத்தான்" என்று எங்கள் அறையில் யாரோ சொல்ல, அவரும் சிரித்துவிட்டார்.

எண்கள் குறைந்துகொண்டே வந்தன. நான் 'ப'விலேயே நின்றேன். நேரம் முடிந்ததும் அறையில் இருந்த எல்லா லேப்டாப்பும் ஒரே சமயத்தில் மணி அடித்தன. அந்தச் சத்தம் அடங்கியதும் கோயம்புத்தூர் பக்கமிருந்து ஒரு குரல், யாரையும் புண்படுத்தும் எண்ணமே இல்லாமல், நிஜமான ஆச்சரியத்தோடு கேட்டது: "சாட்ல எழுதறது இவங்கதானுங்களா?"

அந்தக் கேள்விக்கு எங்கள் மாடியில் எழுந்த சிரிப்பு கீழே பாத்திரக் கடைக்கே கேட்டிருக்கும்.

மத்தியானம் அவள் வழக்கம்போல டப்பாவைத் திறந்து கத்திரிக்காய்ப் பொரியலைப் பாதி பிரித்து என் மூடியில் வைத்தாள். பக்கத்தில் இருந்தவளுக்கே சாட்டில் ஒரு சொல் எழுதினேன்: ஏன்? போன் அவள் மடியில் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தாள். வாயில் இருந்ததை மென்று முடித்துவிட்டுச் சொன்னாள்.

"எல்லாரும் சிரிக்கிறப்ப நான் மட்டும் கம்முனு இருந்தா அடுத்து என்னையப் புடிப்பாக. ஒனக்குச் சின்னதுல இருந்தே பழகிப்போச்சு. எனக்கு அதெல்லாம் தாங்காது."

அவள் பொய் சொல்லவில்லை. அதுதான் எனக்கு ஆறவே இல்லை. நான் பொரியலைச் சாப்பிட்டேன். சாயங்காலம் வீட்டில் என்னைப் பெற்ற அத்தா மீட்டிங் எப்படிப் போனது என்று கேட்டார். தலையை மட்டும் ஆட்டினேன். நல்லவேளை, ஆட்டினால் போதும் என்று அவர் விட்டுவிட்டார்.

மறுவாரம் மேனேஜர் ஒரு வழி கண்டுபிடித்தார். நான் போர்டு போடுவது, அவள் பேசுவது. இருவர் திறமையும் வீணாகாது, இதுதான் டீம் வொர்க் என்று குரூப்பிலேயே எழுதினார். நிறைய பேர் கைதட்டும் படம் போட்டார்கள். அவள் நன்றாகவே பேசினாள். வியாழக்கிழமை என்னோடு உட்கார்ந்து ஒவ்வொரு கோட்டுக்கும் காரணம் கேட்டுக்கொள்வாள். வெள்ளிக்கிழமை அது அவளுடைய கோடு ஆகிவிடும். கொஞ்ச நாளில், "உங்க போர்டு அருமை" என்று அவளுக்கு எழுத ஆரம்பித்தார்கள். அவள் திருத்தவில்லை.

இதற்கிடையில் அந்த முதல் மீட்டிங்கில் என் முகத்தை யாரோ படமாக எடுத்திருந்தார்கள். கண் மூடி, உதடு ஒட்டி, கழுத்து நரம்பு புடைத்த முகம். அதை வெட்டி, கீழே 'சிஸ்டம் ஹேங்' என்று எழுதி ஸ்டிக்கர் ஆக்கிவிட்டார்கள். எந்தக் கடையில் சாஃப்ட்வேர் நின்றுபோனாலும் குரூப்பில் அந்த ஸ்டிக்கர் விழும். காலையில் ஆபீஸ் வந்து சாட்டைத் திறந்தால் என் முகம் வரிசையாக நிற்கும். பக்கத்து நாற்காலியிலிருந்தும் வந்திருக்கும்.

அதை எடுக்கச் சொல்லி மேனேஜருக்கு எழுதினேன். அறைக்குக் கூப்பிட்டு உட்கார வைத்து, டீ சொன்னார். "ஏனுங்க, பிடிக்காதவங்க மூஞ்சிய யாராவது தினமும் பார்ப்பாங்களா? எல்லாருக்கும் உங்க மேல பாசங்க, அதானுங்க" என்றார். அவர் அதை நம்பித்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். குரூப்பிலிருந்து ஸ்டிக்கரை எடுக்கவும் செய்தார். அதற்குள் அது எல்லார் போனிலும் போய் உட்கார்ந்துவிட்டது.

மதுரை ஆபீஸில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் எனக்குத் தனியாக அந்த ஸ்டிக்கரை அனுப்பி, "அக்கா, ஒரு ஓட்டல்ல இப்படி ஆயிருச்சு, என்ன செய்யணும்?" என்று கேட்டாள். அது என் முகம் என்று அவளுக்குத் தெரியாது. அவளைப் பொறுத்தவரை அது ஒரு கோளாறின் பெயர். முதலில் பிரின்டரை அணைத்து ஆன் பண்ணச் சொல் என்று பதில் எழுதினேன். சரியாகிவிட்டது, நன்றி அக்கா என்று எழுதினாள்.

வேலையை விட்டுவிடலாம் என்று பலமுறை நினைத்தேன். விட்டிருந்தால் இன்னொரு இண்டர்வியூவில் இன்னொரு அறையில் அதே 'ப'வில் நிற்க வேண்டும். அதனால் இருந்தேன். போன வருஷம் அவள் டீம் லீடாகிக் கோயம்புத்தூருக்குப் போனாள். கிளம்புகிற அன்று என் கையைப் பிடித்து, "எல்லாம் ஒன்னாலதான்டி" என்றாள். கண் கலங்கியிருந்தது. அந்த வருஷம் என்னைப் பற்றி மேலிடத்துக்கு மதிப்பீடு எழுதி அனுப்பியவளும் அவள்தான்: வேலை நன்று, பேச்சுத் தொடர்பு போதாது.

அவள் போன பிறகு என் போர்டை விளக்க ஆள் இல்லை. ஒருவர் மாற்றி ஒருவர் நழுவினார்கள். நானே சொல்கிறேன் என்று குரூப்பில் எழுதினேன். மேனேஜர் மட்டும், சரிங்க, ஆனால் கடைசியாக வைத்துக்கொள்ளலாம், வேலை இருக்கிறவர்கள் கிளம்ப வசதி என்றார்.

இப்போது வெள்ளிக்கிழமைகளில் என் முறை வரும்போது திரையில் கேமராக்கள் ஒவ்வொன்றாக அணையும். அறையில் இருக்கிறவர்கள் டீக்குப் போய்விடுவார்கள். சிரிக்க யாரும் இருப்பதில்லை. நான் 'ப'வில் நிற்கிறேன், அது விடுகிற வரைக்கும் நிற்கிறேன், விட்டதும் அடுத்த சீட்டுக்குப் போகிறேன். மதுரை ஆபீஸில் நடுவயதுப் பெண் ஒருத்தி மட்டும் கேமராவை அணைப்பதில்லை. டிபன் பாக்ஸை விரித்து வைத்துக்கொண்டு சாப்பிடுகிறாள். ஒரு கேள்வியும் கேட்டதில்லை. கவனிக்கிறாளா, சாப்பிட இடம் தேடி உட்கார்ந்திருக்கிறாளா, தெரியாது. அவள் பாக்ஸை மூடிய பிறகும் நான் பேசிக்கொண்டிருக்கிறேன்.