அப்பா மூடச் சொன்ன புத்தகம்

எங்கள் அப்பா ராணுவ போலீஸில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, நீலத் தொப்பி போட்ட அமைதிப் படையோடு ஒரு வருஷம் காசா பாலைவனத்தில் இருந்திருக்கிறார். வரும்போது ஒரு கம்பளியும், கையில் பட்டை கட்டி ஜீப் பக்கத்தில் நிற்கிற ஒரு போட்டோவும் கொண்டுவந்தார். அங்கே என்ன செய்தார் என்று யார் கேட்டாலும் ஒரே பதில்தான்.

"வண்டிய நிப்பாட்டுவேன். பேப்பரப் பாப்பேன். போகச் சொல்லுவேன்."

நான் நம்பவில்லை. கடல் தாண்டிப் போய்ப் பெரிய பெரிய குற்றங்களைக் கண்டுபிடித்துவிட்டு, ரகசியம் என்பதால் வாயைத் திறக்காமல் இருக்கிறார் என்றே நினைத்திருந்தேன். கல்லூரியில் கணக்குப் படித்த நாட்களில், பிளாட்பாரத்துப் பழைய புத்தகக் கடையில் ஓர் ஆங்கில நாவலின் அட்டையைப் பார்த்து நின்றுவிட்டேன். அதில் ஒருவன் அப்பாவைப் போலவே கையில் பட்டை கட்டியிருந்தான். அந்த மாதிரி நாவல்கள் நிறைய உண்டு என்று பிறகு தெரிந்தது. ஏதோ ஒரு வெளிநாட்டில் பட்டாளம் முகாம் போட்டிருக்கும். ஒரு கொலை நடக்கும். உள்ளூர்க்காரனுக்கும் உண்மை வேண்டாம், மேலதிகாரிக்கும் வேண்டாம். பாஷை தெரியாத ஊரில் ஒரு ராணுவ போலீஸ்காரன் மட்டும் தனியாகத் துருவிக்கொண்டிருப்பான்.

அப்பாவுக்கு உத்தரவு வாசிக்கிற அளவுக்கு இங்கிலீஷ் தெரியும், நாவல் ஓடாது. அப்போது அவர் ஒரு பஞ்சாலையில் காவல் வேலை பார்த்தார். பகல் ஷிஃப்ட் முடித்து நாலு மணிக்கு வில்லாபுரம் வீட்டுக்கு வந்து, டீ குடித்துவிட்டு, வேர்க்கடலையை உரித்தபடி உட்காருவார். நான் வாசித்து வாசித்துத் தமிழில் கதை சொல்லுவேன். அவரை வைத்துக்கொண்டு ஒரு கதையை ஒழுங்காகச் சொல்லி முடிக்க முடியாது.

"இம்புட்டு ஊர் சுத்துறானே, பெட்ரோல் சீட்டுல யாரு கையெழுத்துப் போட்டா?"

"அதெல்லாம் போடலப்பா."

"ரிப்போர்ட் எப்ப எழுதுவான்?"

எந்த நாவலிலும் எவனும் ரிப்போர்ட் எழுதவில்லை. அப்பாவுக்கு அது பெரிய மனக்குறை. முத்தம் வருகிற இடங்களை நான் தாண்டிப்போனால், கடலையிலிருந்து கண்ணை எடுக்காமலே, "என்ன தாயி, நாலு பக்கம் ஒண்ணா ஒட்டிக்கிருச்சா?" என்பார். எனக்கு முகம் சிவந்துவிடும். எங்கள் அப்பாவோடு கழித்த நேரங்களில் அந்தச் சாயங்காலங்கள்தான் எனக்கு உயிர்.

ஒரே ஒரு புத்தகத்தில் மட்டும் அவருக்கு நிஜமாகவே கோபம் வந்தது. ஜெர்மனியில் பனிக்காலம். கொலை நடந்த அறையில் ஒரு பெண்ணின் கைக்குட்டை கிடக்கிறது. அவள் பாவம் என்று துப்பறிகிறவனுக்குத் தெரியும். யாரும் பார்ப்பதற்குள் அதை எடுத்து அடுப்பில் போட்டுவிடுகிறான். அப்பா எழுந்தே விட்டார். மடியிலிருந்த கடலை எல்லாம் தரையில் உருண்டது.

"மூடு புத்தகத்த. சாட்சின்னு கையில கெடச்சது, வந்தது வந்தபடி மேல போகணும். அதுல கை வச்சவன் போலீஸ்காரனே இல்ல. இவன் கதை இனி நமக்கு வேணாம்."

மூடி அலமாரியில் வைத்தேன். பாதியில் நின்ற கதை என்னை அரித்தது என்றாலும், அப்பா பேச்சை மீறி நான் அதைத் திறக்கவில்லை.

பட்டப்படிப்பு முடிந்த கையோடு மாமா ஒரு வரன் கொண்டுவந்தார். அம்மாவின் தம்பி அவர், எங்கள் வீட்டு நல்லது கெட்டதெல்லாம் அவர் தலைமையில்தான். மாப்பிள்ளைக்கு அவனியாபுரம், காளவாசலில் சொந்தமாக லேத் பட்டறை. அப்பாவும் சரி என்று சொல்லிவிட்டார். அப்பா ஒரு வார்த்தை சொன்னால் சொன்னதுதான். ஆனால் நான் வீட்டுக்குத் தெரியாமல் பி.எட். படிப்புக்கு மனுப் போட்டிருந்தேன். தோழி வீட்டு விலாசத்துக்கு இடம் கிடைத்த கார்டு வந்தது. வாத்தியார் ஆக வேண்டும் என்பது எனக்கு வெறி. கல்யாணம் முடிந்தால் அது அதோடு போச்சு. அப்பாவிடம் கேட்கத் தைரியம் வரவில்லை. வீட்டில் யாருமே திறக்காத இடம் எது என்று யோசித்து, மூடிவைத்த அந்த நாவலுக்குள் கார்டைச் செருகினேன்.

பிறகு ஒரு காரியம் செய்தேன். மாப்பிள்ளை குடிகாரன் என்று அப்பாவுக்கு ஒரு மொட்டைக் கடிதம் எழுதினேன். இத்தனை நாவல் படித்ததெல்லாம் எதற்கு? இடது கையால் எழுதினேன். காகிதம் ஒரு கடையில், கவர் வேறொரு கடையில். பெரியார் பஸ் ஸ்டாண்டு வரை போய்த் தபாலில் போட்டேன். எந்த நாட்டு ராணுவ போலீஸ் வந்தாலும் என்னைப் பிடிக்க முடியாது என்று கர்வமாகத்தான் இருந்தது.

கடிதம் வந்தது. அப்பா நின்றபடியே வாசித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். அம்மாவிடம் விஷயத்தை மட்டும் சொன்னார், கடிதத்தைக் காட்டவில்லை. மறுநாளிலிருந்து ஷிஃப்ட் முடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். காளவாசல் டீக்கடைகளில் விசாரிக்கிறார் என்றார்கள், அவனியாபுரத்தில் பார்த்தோம் என்றார்கள்.

மூன்றாம் நாள் சைக்கிளைத் துடைத்துக்கொண்டே, நான் கேட்காமலே பேசினார்.

"காசாவுல ஒரு சமையக்காரன் இருந்தான். முகாம் கம்பளிய வெளிய விக்கிறான்னு ஒரு மொட்டைக் கடுதாசி வந்துச்சு. நாந்தான் விசாரிச்சேன். அவன் மேல ஒரு தப்பும் இல்லன்னு எழுதியும் குடுத்தேன். ஆனா கப்பல் ஏறுற வரைக்கும் அவன கம்பளி, கம்பளின்னுதான் கூப்பிட்டானுக. பேரு போனா போனதுதான் தாயி."

நான் அடுப்படிக்குப் போய் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். முகம் தெரியாத ஒரு மனிதன் மேல் சேற்றை வாரி இறைத்துவிட்டேன் என்பது அப்போதுதான் உறைத்தது. இன்றைக்கும் அந்த வெட்கம் எனக்குப் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாமா வந்தார். செருப்பைக் கழற்றும்போதே சத்தம்.

"எவன் மச்சான் எழுதுனது? குடுங்க இங்கிட்டு. எழுத்த வச்சே ஆளக் கண்டுபிடிச்சுருவேன்."

அப்பா பையிலிருந்து கடிதத்தை எடுத்துக் கொடுத்தார். மாமா பிரித்தார். காகிதத்தின் மேல்பக்கம் இரண்டு விரல் அகலத்துக்கு இல்லை. கத்தரியால் நேராக வெட்டியிருந்தது.

அங்கே என்ன இருந்தது என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. எங்கள் வீட்டில் மளிகைச் சீட்டு எழுதினாலும், பரீட்சை எழுதினாலும், மேலே குலசாமி பேரைப் போட்டு, 'சோணைச்சாமி துணை' என்று எழுதிவிட்டுத்தான் அடுத்த எழுத்து. மொட்டைக் கடிதத்திலும் இடது கையால் அதைக் கோணல்மாணலாக, பக்தியோடு எழுதியிருக்கிறேன்! இத்தனை ஜாக்கிரதைக்கு நடுவே அது எனக்கு ஞாபகமே இல்லை. அந்த ஒரு வரியைப் பார்த்திருந்தால் மாமாவுக்கு அரை நிமிஷம் போதும்.

"மேல எங்க மச்சான்? யாரோ வெட்டியிருக்காகளே?"

"வரும்போதே அப்படித்தான் வந்துச்சு" என்றார் அப்பா.

அப்பா பொய் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். என் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

"கடுதாசி பொய்யி. பையன் தங்கம். ஆனா பொண்ணு இப்பத் தரல. மேல படிக்கட்டும், இது என் முடிவு. அவுக வீட்டுக்கு நானே போயி, பையன் மேல ஒரு குத்தமும் இல்லன்னு நேர்ல சொல்லிட்டு வாரேன்."

முன்னால் வைத்த காப்பியைத் தொடாமலே மாமா போனார். ஒரு வருஷம் எங்கள் படி மிதிக்கவில்லை. சொன்ன வார்த்தையை மாற்றியவர் என்ற பேரும் அப்பாவுக்குத்தான் வந்தது.

அன்றைக்கு அவனியாபுரம் போய்விட்டு அப்பா திரும்பியபோது மணி நாலு தாண்டியிருந்தது. டீ குடித்தார். அவரே எழுந்து போய் அலமாரியிலிருந்து அந்த நாவலை எடுத்தார். முன்பே பார்த்துவைத்தவர் போல, உள்ளே இருந்த கார்டை உருவி என் மடியில் வைத்தார்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள சேரணும்னு போட்டிருக்கு. எங்கிட்டக் கேட்டிருக்கலாம்ல தாயி?"

"கேட்டா விட்டிருப்பீகளா?"

அவர் புத்தகத்தின் அட்டையை உள்ளங்கையால் துடைத்தார்.

"தெரியல" என்றார்.

அப்புறம் கடலைத் தட்டை மடிக்கு இழுத்துக்கொண்டு புத்தகத்தை என்னிடம் நீட்டினார்.

"அன்னைக்கு மூடச் சொன்ன எடத்துல இருந்து வாசி. கைக்குட்டைய அடுப்புல போட்டானே, அவன் என்ன ஆனான்னு பாப்போம்."