பத்தியம் யாருக்கு

நான் வாழ்க்கைப்பட்டுப் போன வீட்டில் முதல் நாள் சாப்பாட்டிலேயே உப்பில்லை, புளியில்லை. சோறு, வெந்த பாசிப்பருப்பு, பால். புதுப்பெண் இலையில் இதையா போடுவார்கள் என்று எனக்குக் கோபம் வந்தது. மூத்த தாரம் என் பக்கத்தில் உட்கார்ந்து அதையே தின்றாள். அவளை நான் அக்கா என்றுதான் கூப்பிட்டேன். பிள்ளை பிறக்க அவளுக்கு மருந்து, மருந்துக்குப் பத்தியம், அதனால் வீட்டுக்கே ஒரே சமையல். பினாங்கில் எங்கள் தெரு முழுக்க அப்படித்தான் நம்பியது. அவளை மலடி என்று காதுபடவே சொன்னார்கள். அந்தக் குறைக்குத்தான் என்னை இரண்டாந்தாரமாகக் கட்டினார்கள்.

ஒரு வாரத்தில் உண்மை தெரிந்தது. நாகப்பட்டினத்திலிருந்து கப்பலில் வந்த லேகியத்தை அக்கா உருட்டி, பாலோடு எங்கள் வீட்டுக்காரரிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் கதவைச் சாத்திக்கொண்டு விழுங்கினார். நான் கேட்டதற்கு அக்கா அடுப்பைப் பார்த்தபடி சொன்னாள்.

"டாக்டர் பார்த்துட்டுக் குறை அவர்கிட்டதான்னு சொல்லிட்டாரு. வெளிய தெரிஞ்சா கடையில உட்கார முடியாதாம். பத்தியம் எனக்குன்னு சொல்லச் சொன்னாரு. பத்து வருஷமா நானும் உப்பில்லாமத் தின்னுக்கிட்டு இருக்கேன் லா."

துணிக்கடை முதலாளி, கோயில் திருவிழாவில் மீசையை முறுக்கிக்கொண்டு முன்னால் நிற்பவர். சீனர் கடைக் கஷாயம், இங்கிலீஷ் மருந்துக்கடை டானிக், எல்லாமே அக்கா பெயரில்தான் வாங்கினார். குறை யாருக்கும் வரும், அதற்காக நான் யாரையும் கேவலமாக நினைக்க மாட்டேன். ஆனால் தன் குறையை அவள் தலையில் கட்டிவிட்டு, வம்சம் அவளால்தான் போயிற்று என்று நாலு பேர் முன்னால் திட்டினாரே, அதை நினைத்தால் காறித் துப்பத் தோன்றுகிறது. 'அவர்' என்று எழுதுவதுகூட வெறும் பழக்கம்தான்.

மூன்று வருஷத்தில் நானும் மலடியானேன். கடலுக்கு அக்கரையில் புக்கிட் மெர்தாஜாம் ஊரில் மூன்றாவதாக ஒரு பெண்ணைப் பேசினார். என்னைவிடச் சின்னப் பெண். அவளுடைய அப்பாவும் மாமாவும் வீடு பார்க்க வந்த அன்று வடை பாயசத்தோடு சமைக்கச் சொன்னார். அன்றைக்கு மட்டும் பத்தியத்தை முறிப்பதாக இருந்தார். சமையல் முடிந்ததும் அக்கா சின்னச் சட்டியில் பாசிப்பருப்பை வேகவைத்தாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை. பாலைக் காய்ச்சினேன். துரத்தினால் போவதற்கு இரண்டு பேர் துணியையும் மூட்டை கட்டினேன்.

வந்தவர்களுக்கு நான் பரிமாறினேன். அவர் இலையில் அக்கா சோறும் பருப்பும் போட்டு, ஓரத்தில் ஒரு லேகிய உருண்டையை வைத்தாள்.

"ஏம்மா, மாப்பிள்ளைக்கு உடம்பு சரியில்லையா?" என்றார் பெண்ணின் அப்பா.

"பத்தியம்ணே. பிள்ளை பிறக்க மருந்து சாப்பிடுறாரு. பதிமூணு வருஷமாச்சு. எங்க ரெண்டு பேருக்கும் ஒரு மருந்தும் இல்ல" என்றாள் அக்கா.

எங்கள் வீட்டுக்காரர், மறுத்துச் சொல் என்பதுபோல் என்னைப் பார்த்தார். நான் பால் டம்ளரை அவர் இலைக்குப் பக்கத்தில் வைத்தேன்.

வந்தவர்கள் பாயசத்துக்குக்கூடக் காத்திராமல் கையலம்பிக்கொண்டு படகுத்துறைக்குப் போனார்கள். அவர் எங்களைத் துரத்தவில்லை. துரத்தினால் தெரு காரணம் கேட்கும். அந்தக் கேள்விக்குப் பயந்தே வாழ்ந்து, பிள்ளையில்லாமலே செத்தார்.

இன்றைக்கும் ஆஸ்பத்திரிக்குப் பெண்டாட்டியை மட்டும் அனுப்பிவிட்டு வாசலில் சுருட்டுப் பிடிக்கிறவர்களைப் பார்க்கிறேன். அவர்களுக்கு அக்கா மாதிரி ஒருத்தி வாய்க்கவில்லை.

பெண்வீட்டார் வந்துபோன அன்று சாயங்காலமே பக்கத்து வீட்டுக்காரி வந்தாள். விசேஷம் உண்டா என்று எங்கள் வயிற்றைப் பார்த்துக் கேட்பது அவள் வழக்கம். அன்று கேட்கவில்லை.

"அண்ணனுக்கு இப்ப உடம்பு எப்படி இருக்கு?" என்றாள்.