வெடிக்கும் அரக்கு முத்திரை

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். பிழைகளையும் பொறுத்துக்கொள்ளுங்கள், நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன்.

நான் சேவகனாக இருந்த புதுச்சேரி கோர்ட்டில், சாட்சிப் பொருள்களுக்கு ஒரு குமாஸ்தா இருந்தார். தொப்பை, வெள்ளைக் கோட்டு, காதில் பென்சில். பிரெஞ்சுக்காரன் கப்பலேறிப் போன பிறகும் அவன் வழக்கத்தை இவர் விடவில்லை. கத்தியோ கள்ளுப்பானையோ, எது வந்தாலும் மெழுகுவத்தி ஏற்றி, அரக்கை உருக்கி முத்திரை வைப்பார். அந்தக் கௌரவம் ஒருநாள் வெடிக்கும் கிடைத்தது.

கடலில் வெடி போட்டு மீன் பிடித்ததாக வைத்திக்குப்பத்து ஆள் ஒருவனை விலங்கோடு கொண்டுவந்தார்கள். கூடவே சணல் சுற்றிய உருண்டை ஒன்று.

"வெறும் நார் உருண்டைங்க," என்று அவன் காலையிலிருந்து சத்தியம் செய்துகொண்டிருந்தான். அதை நம்பிவிட்டால் வீட்டுக்குப் போய்விடலாம் என்ற நம்பிக்கை அவனுக்கு.

குமாஸ்தா உருண்டையை என் கையில் கொடுத்து மெழுகுவத்தியை ஏற்றினார்.

"ஐயா, வெடின்னு சொல்றாங்களே," என்றேன்.

"முத்திரை இல்லாட்டி ஜட்ஜ் தொடமாட்டார். ஆடாம புடி!"

அந்த ஆள் விலங்கைப் பிடித்திருந்த போலீஸ்காரரையும் இழுத்துக்கொண்டு வாசலுக்குப் பாய்ந்தான். "யோவ், நெருப்பை அணைய்யா! எல்லாரும் செத்துடுவோம்!"

"நார் உருண்டைக்கா இந்த ஓட்டம்?" என்றார் குமாஸ்தா.

அவனுக்கு ஜெயில் கிடைத்தது. குமாஸ்தா மகா சாமர்த்தியசாலி என்று கோர்ட்டே புகழ்ந்தது. நானும் நம்பத்தான் பார்க்கிறேன். ஆனால் அவன் அப்படிக் கத்திய பிறகும், என் கையில் வைத்தே, அவர் முத்திரையை வைத்து முடித்தார்.

எழுதியது: 1961, ஆவணி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை.