கொதிக்க வைக்காத விதை

நம்பினால் நம்புங்கள், இது ஆதிகேசவனுக்கு நடந்தது. கள் குடிக்காதவன், கதை கட்டத் தெரியாதவன்.

1934, ஆம்பூர். தோல் மெருகுக்கு வேண்டிய ஸ்பிரிட்டைச் சோளக்கூழிலிருந்து எடுக்க, ஜியாவுல்லா சாயபு தன் டேனரிக்குப் பின்னால், பாலாற்றோரம் கொட்டகை போட்டிருந்தார். கூழை ஸ்பிரிட்டாக்குவது ஒரு கிருமி. பசி வந்தால் கெட்டி ஓட்டுக்குள் ஒடுங்கி விதையாகிவிடும். முன்பு வேலை பார்த்த அந்தோணி அதை ஆவாரம் வேர்மண்ணில் கண்டுபிடித்தானாம். ஒவ்வொரு முறையும் விதையைக் கொதிநீரில் கொஞ்ச நேரம் வைத்துத்தான் கூழில் விட வேண்டும் என்பது அவன் முறை. அவனுக்குப் பிறகு அந்த வேலைக்கு வந்த ஆதிகேசவன் அவனைப் பார்த்ததில்லை.

விதையை யாராவது அவிப்பார்களா? இவன் அவிக்கவில்லை. பொங்கும் தொட்டியிலிருந்து மொண்டு அடுத்த தொட்டியில் ஊற்றினான். முதலில் நன்றாக வந்தது. போகப்போக வெறும் புளிப்புதான். அடுத்த தொட்டியும் கெட்டால் கொட்டகையை மூடிவிடுவேன் என்றார் சாயபு. ஆதிகேசவனுக்கு வேறு போக்கிடம் இல்லை. பேச ஆளில்லாமல் தொட்டியோடு பேசிக்கொண்டிருந்தான்.

ஒரு மாலை. கொட்டும் மழை. கதவருகே ஒருவர் நின்றார்... புருவத்தில் தழும்பு.

சட்டை நனையவே இல்லை.

பயத்துக்கு முன்னால் அவனுக்குச் சந்தோஷம்தான் வந்தது. யாரோ ஒருவர் வந்திருக்கிறாரே.

"கொதிக்க வெச்சியா?"

"இல்லீங்க. செத்துப்பூடும்னு..."

"சாவறது சாவட்டும். மிஞ்சறதுதான் வேலை செய்யும்."

மடியிலிருந்து வேரோடு ஒரு பிடி மண். குவளையில் கரைத்து, அடுப்பில் கொதித்த நீருக்குள் இறக்கினார். பிறகு எடுத்தார்.

வெறுங்கையால்.

விரல் சிவக்கவில்லை...

தொட்டியில் ஊற்றினார். திரும்பினால் ஆள் இல்லை. வாசல் சேற்றில் தடம் இல்லை.

விடிந்ததும் தொட்டியில் சத்தம். க்ளக்... க்ளக்... மூன்றாம் நாள் ஸ்பிரிட் வாசம் மூக்கைத் துளைத்தது.

சாயபு மகிழ்ந்துபோனார். புருவத்தில் தழும்புள்ளவர் யார் என்று ஆதிகேசவன் கேட்டதும் அவர் முகம் வெளுத்தது.

"அது அந்தோணிப்பா. வாந்திபேதியில போய்ட்டான், ரெண்டு வருஷம் ஆவுது."

கல்லறைக்கு அழைத்துப் போனார். மேலே ஒரு ஆவாரஞ்செடி. ஒரு வேர் பிய்ந்திருந்தது. ஒரு பிடி மண்ணைக் காணோம். யாரும் மேலிருந்து தோண்டவில்லை. மண் உள்ளேயிருந்து வெளியே தள்ளப்பட்டிருந்தது.

"அவனைப் பாக்க ஒருத்தரும் வர்றதில்ல," என்றார் சாயபு.

தனக்கும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டான் ஆதிகேசவன். அன்று மாலை அடுப்பில் தண்ணீரை வைத்துவிட்டு, கதவைத் திறந்தே வைத்தான்.

தண்ணீர் சுண்டும்வரை காத்திருந்தான். யாரும் வரவில்லை, அந்தோணிகூட.

அப்போதுதான் அவனுக்கு உண்மையிலேயே பயம் வந்தது.