கந்தவேலின் ஈட்டியும் மைத்துனனின் எண்ணும்

பெருமாநல்லூர் சென்னியப்பன் எனக்குச் சித்தப்பா மகன். அவன் மகன்தான் கந்தவேல். பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். கட்டிக்கொண்டது அருள்புரத்துக் கன்னையன் மகள் ஜெயசுதாவை. அவளுக்கு ஒரே தம்பி, சுரேந்தர். மாமன் மைத்துனன் இரண்டு பேருக்கும் நடுவே தோட்டத் தகராறு கிடையாது, பேச்சுவார்த்தையில் குறை கிடையாது. இருந்தும் மைத்துனன் பெயரைக் கேட்டாலே கந்தவேல் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போய்விடுவான். எல்லாம் ஓர் ஆட்டத்தால் வந்தது.

ஆளுக்கொரு வீரனை வைத்துக்கொண்டு, வேறு வேறு ஊரில் இருக்கிறவர்கள் இன்டர்நெட்டில் ஒன்றுசேர்ந்து பூதங்களோடு சண்டை போடுகிற ஆட்டம் அது. கல்யாணத்துக்கு முன்பிருந்தே, பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து ஆடிப் பழகியவன் கந்தவேல். அவன் வீரனிடம் ஓர் ஈட்டி உண்டு. பார்த்தால் துருப்பிடித்த கம்பி. ஆனால் அதன்மேல் சின்னச் சின்னதாய் நாலைந்து குணம் எழுதியிருக்கும். அடி குறைவு, இருட்டில் குறி தப்பாது, தூக்கினால் நடை தாமதப்படும், குத்துகிற ஒவ்வொரு குத்துக்கும் பக்கத்தில் நிற்கிறவன் காயம் கொஞ்சம் ஆறும்.

"அப்படீன்னா அது நல்ல ஈட்டியா, கெட்ட ஈட்டியா?" என்று நான் ஒரு தடவை கேட்டேன்.

"எங்க கொண்டு போறீங்க, கூட ஆரு வர்றாங்கங்கறதப் பொறுத்துங்க பெரியப்பா" என்றான்.

அந்தக் காலத்து ஆட்டம் அப்படித்தான். எது உசத்தி என்று ஆட்டம் சொல்லாது. சேற்றுக்கு ஒரு செருப்பு, பனிக்கு ஒரு மோதிரம் என்று ஆடுகிறவனே போட்டுப் பார்த்து, செத்துப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். கந்தவேலுக்கு அதெல்லாம் தலைகீழ்ப் பாடம். சதுப்பு நிலத்துக்குப் போவதென்றால் கூட்டாளிகள் அவனுக்குத்தான் போன் போடுவார்கள். "அண்ணா, எதைப் போட்டுக்கட்டும்?" என்று கேட்பார்கள். கட்டிங் மேசையில் கத்தரி ஓடிக்கொண்டிருக்கும்போதே பதில் சொல்வான். அன்றைக்கு முழுதும் முகம் வெளிச்சமாயிருக்கும்.

பிறகு போனில் ஆடுகிற புது ஆட்டம் வந்தது. கூட்டாளிகள் எல்லாரும் அங்கே போனார்கள், இவனும் போனான். அங்கே ஆயுதத்துக்குக் குணம் என்று தனியாக எதுவும் கண்ணில் படாது. அதன் தலைக்குமேல் ஒரே ஓர் எண். மாட்டியிருப்பதையெல்லாம் சேர்த்துப் பார்த்து வீரனுக்கும் ஓர் எண். கூடுதலான எண் கிடைத்தால் பச்சை அம்பு மேலே காட்டும், மாட்டிக்கொள்ளலாம். குறைந்தால் சிவப்பு அம்பு கீழே காட்டும், வீசிவிடலாம். வாளா வேலா என்று யாரும் பார்ப்பதில்லை. சில மாதத்துக்கு ஒருமுறை சீசன் மாறும். அப்போது புதிதாய் வருகிற கத்தியின் எண், பழைய சீசனின் ராஜா கத்தியைவிடப் பெரிதாயிருக்கும்.

சுரேந்தர் ஆட்டத்துக்கு வந்ததே இங்கேதான். கம்பெனியில் ஆர்டர்களைக் கவனிக்கிற மெர்ச்சண்டைசர். சாப்பாட்டு இடைவேளையில் ஒரு கையில் டிபன் பாக்ஸ், ஒரு கையில் போன். அதிலேயே அவன் எண் ஆயிரத்து எண்ணூறைத் தாண்டியது. கந்தவேல் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு ஆடியும் ஆயிரத்து அறுநூறில் நின்றான். பெரிய பூதம் இருக்கிற வாசலுக்குள் போக ஆயிரத்து எழுநூறு வேண்டும்.

"எண்ணைக் கொஞ்சம் ஏத்திட்டு வாங்கண்ணா" என்று கூட்டாளிகள் இவனை வெளியே நிறுத்திவிட்டு, சுரேந்தரைத் தலைவனாக்கிக்கொண்டார்கள். எதைப் போடட்டும் என்று அதற்குப் பிறகு யாரும் போன் போடவில்லை. அதுதான் பச்சை அம்பு காட்டுகிறதே.

ஒரு விருந்தில் இதைப் பற்றிப் பேச்சு வந்தது.

"அந்தப் பழைய ஆட்டத்துல பாதி நேரம் படிச்சுப் பாக்கறதுக்கே போயிருமுங்க மாமா" என்றான் சுரேந்தர். "எங்களுக்கு லஞ்ச் டைம்தானுங்க இருக்குது. இது பாத்தவொடனே புரிஞ்சுருது."

"பாத்தவொடனே புரியறதுக்குப் பேரு ஆட்டமா மாப்ள? அது ட்ராபிக் சிக்னலு."

"சிக்னலுன்னாலும் எனக்குப் பச்சைங்க மாமா" என்றான் அவன். எல்லாரும் சிரித்தார்கள். ஜெயசுதாவும் சிரித்தாள். கந்தவேல் அதை மறக்கவில்லை.

கந்தவேலின் கடைக்குட்டி மகள் அக்ஷராவுக்குக் காது குத்த நாள் பார்க்க வேண்டியிருந்தது. எங்கள் பக்கம் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்துவோம். கந்தவேல் காலண்டரைப் புரட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலைத் தேர்ந்தெடுத்தான்.

"ஏனுங்க, அடுத்த வாரம் இன்னும் நல்ல நாள் இருக்குதே" என்றாள் ஜெயசுதா.

"இதுக்கு என்ன கொறைச்சல்? இதுதான்."

சீசன் முடிகிற கடைசிச் சண்டை அந்த முற்பகலில்தான் என்று என்னிடம் மட்டும் சொன்னான். "நான்தான் உள்ள போக முடியாது. அவன் மட்டும் போயிருவானாங்க பெரியப்பா? மடியில புள்ளையை வெச்சுக்கிட்டு எப்படி ஆடறான்னு பாக்கறேன்."

எனக்குச் சிரிப்பதா திட்டுவதா என்று தெரியவில்லை.

குலதெய்வக் கோயிலுக்கு சுரேந்தர் எல்லாருக்கும் முன்பே வந்துவிட்டான். தட்டுத் தட்டாகச் சீர் இறக்கினான். மொட்டையடித்த பிள்ளையைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டான். அவன் முகம் வாடுவதைப் பார்க்கத்தான் கந்தவேல் எதிரே நின்றான். சட்டைப்பையில் போன் அடித்தது. சுரேந்தர் ஒரு கையால் எடுத்து நீட்டினான்.

"மாமா, பசங்க கூப்பிடறானுங்க. எனக்குக் கை ஒழியல. என் ஆளை வெச்சு நீங்க ஆடுங்க."

கந்தவேல் வேண்டாம் என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். வாங்கிக்கொண்டு, வேப்ப மரத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்தான். அத்தனை நாள் பூட்டிக் கிடந்த வாசல் அந்த எண்ணுக்குத் திறந்தது. நான் எட்டிப் பார்த்தேன். உதட்டைக் கடித்துக்கொண்டு ஆடினான். அந்தப் பக்கம் ஆசாரி ஊசியை எடுத்தார். "பாப்பா அப்பனெங்கே?" என்று யாரோ கேட்டார்கள். நான் கூப்பிட்டேன். "ஒரு நிமிசமுங்க" என்றான், தலை நிமிராமல். பிள்ளை வீரிட்டது. ஆட்டத்தில் பூதம் விழுந்தது.

போனில் ராஜபாண்டி என்கிற கூட்டாளி கத்துவது எனக்கே கேட்டது. "சுரேந்தர் அண்ணே, இன்னைக்கு என்னண்ணே இப்படிப் பிரிச்சு மேஞ்சுட்டீக. இம்புட்டு நாளா எங்கண்ணே ஒளிச்சு வச்சிருந்தீக?"

நான்தான்டா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எண் பத்தாது என்று வெளியே நிறுத்திய வாய்களிடம் சொல்ல, கந்தவேலுக்கு வாய் வரவில்லை.

போனைத் திருப்பிக் கொடுத்தபோது சுரேந்தர், "ஜெயிச்சுட்டீங்களா மாமா? செரிங்க" என்றான். "நாளைக்கிப் புது சீசனு. அந்தக் கத்தியெல்லாம் சும்மா ஆயிரும்."

"வருத்தமில்லையா உனக்கு?"

"எதுக்குங்க மாமா? வேற வரும்."

கந்தவேல் பிள்ளையை வாங்கக் கை நீட்டினான். காது சிவந்து கிடந்த அக்ஷரா அப்பனை ஒரு தரம் பார்த்துவிட்டு, மாமன் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

திரும்பி வரும்போது வண்டியில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான். பாதி வழியில் சொன்னான்: "பழைய ஆட்டத்துல ஜெயிச்சா நான் ஜெயிச்சேன்னு தெரியுமுங்க பெரியப்பா. இன்னைக்கி ஜெயிச்சது நானா, அவன் எண்ணான்னே தெரியல. கூடவே வெச்சிருந்த ஈட்டியை விட்டுட்டு வர எனக்கு மனசு எத்தனை பாடுபட்டுது. அவன் ராஜா கத்தியை எச்சில் எலை மாதிரி வீசறான். எனக்கு அவன் எண்ணு மேலகூட இல்லீங்க எரிச்சல். அந்த மனசு இருக்குது பாருங்க, அது மேலதான்."

ஜெயசுதா காதுகுத்துப் படத்தைப் பெரிதாக்கி, சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறாள். நடுவில் சுரேந்தர், மடியில் அழுகிற பிள்ளை, சுற்றிலும் நாங்கள் அத்தனை பேரும். அப்பன் மட்டும் இல்லை. கந்தவேல் அந்தப் பக்கம் பார்க்காமலே கடந்து போகிறான்.

போன வாரம் அவன் வீட்டுக்குப் போயிருந்தேன். ஜெயசுதா தம்பியோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். கந்தவேல் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான். வாசல்படி வரைக்கும் போனவன் திரும்பி நின்றான்.

"புது சீசன்ல அவன் எண்ணு எத்தனைன்னு கேளு" என்றான்.