மாமாவின் டை

அன்று அந்த வகுப்பறையில் இருந்தவர்கள்: கல்லூரியை நடத்திய ரெக்டர், நாடகம் சொல்லிக்கொடுத்த மிஸ், மாணவிகள் நாங்கள் பதினொரு பேர், அம்மாக்கள் ஒன்பது பேர், அப்பாக்கள் இரண்டு பேர், என் மாமா. ஆக இருபத்தைந்து. திரையாகக் கட்டியிருந்த படுக்கை விரிப்பின் ஓட்டை வழியாக மூன்று முறை எண்ணினேன். எண்ணிக்கொண்டிருந்தால் எனக்குப் பயம் கொஞ்சம் அடங்கும். இன்றைக்கும் அப்படித்தான்.

எங்கள் தீவுக்குச் சுதந்திரம் வருமா, வந்தால் நம் கதி என்ன என்று பெரியவர்கள் பேசிக்கொண்டிருந்த வருடம் அது. நாங்கள் பாம்பூ என்ற கிராமத்தில் இருந்தோம். அப்பா இறந்தபின் எங்களுக்கு எல்லாம் மாமாதான். பக்கத்து நகரமான காத்ர் போர்னில் பத்திரம் எழுதும் நோத்தேர் ஒருவரிடம் குமாஸ்தா. எங்கள் ஊரில் கல்லூரி என்றால் உயர்நிலைப் பள்ளிதான்; என் கல்லூரிச் சம்பளம், மாதம் பதினெட்டு ரூபாய், அவர்தான் கட்டினார். "என் தம்பி பிரோவில உத்தியோகம்" என்று கடைக்காரரிடம், பஸ் கண்டக்டரிடம், கேட்காதவர்களிடமும் அம்மா சொல்வாள். பிரோ என்றால் எங்கள் ஊரில் ஆபீஸ். தினமும் காலையில் அவர் டை முடிச்சை அவளே சரிசெய்துவிடுவாள். பிறகு மாமாவும் நானும் ஒரே பஸ்ஸில் போவோம்.

மிஸ் அந்த வருடம்தான் புதிதாக வந்தார். அதுவரை நாடகம் என்றால் எங்களுக்குப் பரீட்சைக்காக உருப்போடும் ஆங்கிலப் புத்தகம். மிஸ் மேசைகளை ஓரம் தள்ளிவிட்டு, வாயைத் திறக்காமல் நடிக்கச் சொன்னார். பெற்றோரைக் கூப்பிட்டு ஒரு நாள் நிகழ்ச்சியும் வைத்தார். அவரவர் வீட்டில் ஒருவர் செய்யும் வேலையைக் கையில் ஒன்றும் இல்லாமல் நடிக்க வேண்டும். பார்ப்பவர்கள் அது என்ன வேலை என்று கண்டுபிடிக்க வேண்டும்.

"கண்ணால பார்க்காததை நடிக்காதீங்க. பார்த்ததில ஒண்ணையும் விடாதீங்க" என்றார்.

எனக்குத் தூக்கம் போயிற்று. மாமா பிரோவில் எழுதுவதை நான் பார்த்ததே இல்லை. பார்க்காமல் நடித்தால் மிஸ் கண்டுபிடித்துவிடுவாரோ? அதனால் ஒரு நாள் பஸ்ஸிலிருந்து இறங்கி, கல்லூரிப் பக்கம் பத்தடி நடந்து, திரும்பி மாமாவின் பின்னாலேயே போனேன்.

அவர் மார்க்கெட்டுக்குப் பின்புறம் இருந்த அரிசிக் கிடங்குக்குப் போனார். டையைக் கழற்றிப் பைக்குள் வைத்தார். சட்டையை ஆணியில் மாட்டினார். காலிச் சாக்கு ஒன்றின் மூலையை உள்ளே தள்ளி, முக்காடுபோலத் தலையில் போட்டுக்கொண்டார். லாரியிலிருந்து ஒரு மூட்டை அவர் முதுகில் இறங்கியது.

நோத்தேர் அரிசி வியாபாரமும் செய்கிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். மாமாவிடம் கேட்டிருக்கலாம். கேட்டால், பின்னால் வந்தது தெரிந்துவிடுமே! இன்னும் இரண்டு நாள் போய்ப் பார்த்தேன். பைக்குள் வைக்குமுன் டையை என்ன செய்கிறார் என்பது மட்டும் தூரத்திலிருந்து சரியாகத் தெரியவில்லை. நாலாக மடிக்கிறார் என்று நானே முடிவு செய்துகொண்டேன். அந்தச் சந்தேகம்தான் கடைசிவரை என்னை அரித்தது.

என் முறை வந்தது. இல்லாத டையைக் கழற்றினேன், நாலாக மடித்தேன், பைக்குள் வைத்தேன். சாக்கை மாட்டினேன். மூட்டை முதுகில் விழுந்ததும் முழங்கால் மடங்க, மாமா சமாளிப்பதுபோலவே சமாளித்தேன்.

"ரொட்டிக்காரர்!" என்றாள் ஒரு அம்மா.

"துணி துவைக்கிறவ!"

"இல்ல, இல்ல, முதுகைப் பாருங்க!"

லாரி ஓட்டும் அப்பா ஒருவர் எழுந்தேவிட்டார். "மூட்டை தூக்குறவன்! ஆனா டை கட்டிக்கிட்டு வர்ற மூட்டைக்காரன் காத்ர் போர்ன்லயே ஒருத்தன்தான். கிடங்குல நாங்க அவனை மிஸ்யே நோத்தேர்னுதான் கூப்பிடுவோம்!"

‘நோத்தேர் ஐயா’ என்ற அந்தப் பட்டப்பெயருக்கு எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே திரும்பியவர், இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்த மாமாவை அப்போதுதான் பார்த்தார். அவர் வாய் அப்படியே நின்றது. ஒவ்வொருவராக அதே பக்கம் திரும்பினார்கள். அம்மா மட்டும் மாமாவின் முகத்தைப் பார்க்கவில்லை. காலையில் தான் சரிசெய்துவிட்ட முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சரியாகத்தானே கண்டுபிடித்தார்கள், ஏன் யாரும் கைதட்டவில்லை என்று மறுபடியும் தலைகளை எண்ணத் தொடங்கினேன்.

மாமா எழுந்தார். "பிராவோ!" என்று பலமாகக் கைதட்டினார். "எல்லாம் சரி. டைதான் தப்பு. மடிக்கக் கூடாது, மோ திஃபி, என் செல்லப் பொண்ணே. மடிச்சா கோடு விழும், அக்கா கண்டுபிடிச்சிடுவா. இப்படிச் சுருட்டணும்." கழுத்திலிருந்த டையைக் கழற்றி, அத்தனை பேர் முன்னாலும் சுருட்டிக் காட்டினார். மிஸ் கைதட்டினார். பிறகு அந்த லாரிக்காரர். பிறகு எல்லோரும்.

திரும்பும் பஸ்ஸில் அம்மா, மாமாவின் கையைப் பிடித்து உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள்.

"எத்தனை மாசமா?"

"சுதந்திரம் வந்துடும்னு பயந்து நோத்தேர் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பல் ஏறினதிலேர்ந்து. ஜனவரி."

"நாளையிலேர்ந்து இவ கல்லூரிக்குப் போகவேண்டாம்."

"அக்கா, இவ எவ்வளவு நல்லா நடிக்கிறா, பார்த்தியா?"

"இவ அஞ்சு நிமிஷம். நீ ஏழு மாசம்" என்றாள் அம்மா. அதற்குப் பிறகு வீடு வரும்வரை அவர் கையை அவள் விடவில்லை.

டையைத் தப்பாக மடித்ததற்குத்தான் என்னைக் கல்லூரியிலிருந்து நிறுத்திவிட்டார்கள் என்று வெகுகாலம் நம்பினேன். அதைத் திருத்தத்தான் மாமா எழுந்தார் என்றும் நம்பினேன். அன்று அவர் சட்டைப்பையில் என் அந்த மாதக் கல்லூரிச் சம்பளம் இருந்ததாம். அம்மா அதைக் கட்டவிடவில்லை, நானே உழைத்துக் கட்டுகிறேன் என்றாளாம். பிறகு பணம் எதற்கெதற்கோ போயிற்று. அந்தக் கல்லூரி இருந்த இடத்தில் இப்போது துணிக்கடை. வழியில் அதைத் தாண்டும்போதெல்லாம், யாராவது வெளியே வந்து கேட்டுவிடுவார்களோ என்று நடையை எட்டிப் போடுகிறேன்.

ஜூலை மாதத்துப் பாக்கி, பதினெட்டு ரூபாய்.