பிஸ்மியும் பச்சை விளக்கும்

காயல்பட்டினத்து நௌஃபலுக்கு பிஸ்மி சொல்லாமல் எதையும் தொடங்க வராது. அல்லாஹ்வின் பெயரைச் சொல்லித்தான் செருப்பு மாட்டுவார், ஷட்டரைத் தூக்குவார். வாய்க்குள் முணுமுணுத்து முடிக்கிற ஆளுமில்லை. முழுசாக, நிறுத்தி, ஒவ்வொரு எழுத்துக்கும் உரிய மரியாதையோடு சொல்வார். இந்த நல்ல பழக்கம் தன் பிழைப்பில் கைவைக்கும் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை.

தோஹாவில் ஸ்போர்ட்ஸ் கார் மெக்கானிக் அவர். விடுமுறைக்கு வந்து, மனைவி ரஹ்மத்துன்னிஸாவின் வீட்டில் இருந்துவிட்டுப் போவார். அந்த ஊர் வழக்கப்படி அதுதான் அவர் வீடும். எந்த சுவிட்ச் எந்த விளக்குக்கு என்று பழகி முடிப்பதற்குள் புறப்படும் நாள் வந்துவிடும். இந்த முறை போகவே மனமில்லை. போகாதீர்கள் என்று ரஹ்மத்துன்னிஸா ஒருநாளும் சொன்னதில்லை. அதுதான் அவர் நெஞ்சை அறுத்தது.

அப்போதுதான் மெல்வின் அவரைப் பிடித்தார். தூத்துக்குடி துறைமுகத்தில் கிளியரிங் ஏஜென்ட், கார்ப் பைத்தியம். ஆட்டோமேட்டிக் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வாங்கி வைத்திருந்தார். உப்பளங்களுக்கு அப்பால் சும்மா கிடந்த நேர்சாலையில் ஒரு கிளப், இரண்டிரண்டு கார்களை நேராக ஓடவிட்டு நடத்தும் டிராக் ரேஸில் ஒரு ஓட்டம் ஜெயித்துக் காட்டினால், தான் தொடங்கப்போகும் ஒர்க்‌ஷாப்பை நௌஃபல் பொறுப்பில் விடுவதாகச் சொன்னார். ஜெயித்தவன் கையில்தான் ஆட்கள் காரைக் கொடுப்பார்களாம். தோற்றால் மறுபடி தோஹாதான்.

ஆட்டோமேட்டிக்தானே, மிதித்தால் போகாதா என்று நினைப்பவர்கள் புறப்படும் கோட்டிலேயே தோற்றுவிடுவார்கள். இடது கால் பிரேக்கை அழுத்திப் பிடித்திருக்க, வலது கால் ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும். வண்டி கயிற்றை இழுக்கிற கன்றுக்குட்டி மாதிரி முறுக்கிக்கொண்டு நிற்கும். கொஞ்சம் கூடினாலும் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும்; அதிலும் அந்தச் சாலையெல்லாம் உப்புத்தூசி. பச்சை விளக்கு விழுந்ததும் இடது காலை எடுத்து, வலது காலைப் பதறாமல் இறக்க வேண்டும். நௌஃபலுக்கு இதெல்லாம் அத்துப்படி.

முதல் ஓட்டத்திலும் எல்லாவற்றையும் சரியாகத்தான் செய்தார். பச்சை விழுந்தது. பிஸ்மி சொன்னார். சொல்லி முடித்துக் காலை எடுத்தபோது பக்கத்துக் காரின் பின்விளக்குதான் தெரிந்தது. தோஹாவில் அவர் தனியாக ஓட்டி நேரம் பார்த்தவர். வண்டி நகர்ந்த பிறகுதான் கடிகாரம் ஓடும் என்பதால், அங்கே நின்று நிதானமாகச் சொன்னாலும் கேட்க ஆளில்லை. இங்கே பக்கத்தில் ஒருவன் நிற்கிறான்.

தோற்றவர்களுக்கு இன்னொரு ஓட்டம் இருந்தது. பச்சைக்கு முன்னாலேயே சொல்லித் தொலையுங்கள் காக்கா என்று, அந்த ஊர் முறையில் அண்ணனாக அழைத்து மெல்வின் கெஞ்சினார். நௌஃபல் மசியவில்லை. காரியத்தைத் தொடங்கும்போது சொல்வதுதான் பிஸ்மி, முன்கூட்டியே சொல்லிவைக்க அதென்ன ரயில் டிக்கெட்டா என்றார். மெல்வின் தலையில் கைவைத்துக்கொண்டார்.

ஓட்டம் பார்க்க வந்து வேலியோரம் நின்ற ரஹ்மத்துன்னிஸா இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். அவரிடம் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

"மச்சான், சோறாக்கும்போது நான் எப்ப பிஸ்மி சொல்லுதேன்?"

"அரிசி களையும்போது."

"ஒலையில போடுறப்ப சொல்லலியே. களையும்போதே காரியம் தொடங்கிருச்சில்லா? நீங்க பிரேக்குல கால வச்சாலே ஓட்டம் தொடங்கியாச்சு."

நௌஃபல் அவளையே பார்த்தார். போகாதீர்கள் என்பதை அவள் இப்படித்தான் சொல்கிறாள் என்று அவருக்கு விளங்கியது. பாட்டிலை அவளிடமே கொடுத்துவிட்டுக் காரை நோக்கி நடந்தார்.

இரண்டாம் ஓட்டத்தில், பிரேக்கில் காலை வைத்ததுமே பிஸ்மியை முழுசாக, நிறுத்திச் சொன்னார். பச்சை விழுந்தபோது வாயில் வார்த்தை இல்லை. கால் மட்டும் எழுந்தது. சக்கரம் உப்புத்தூசியில் லேசாக வழுக்கி, தரையைப் பிடித்துக்கொண்டது. கடைசி வரை பக்கத்துக் கார் அவர் கண்ணில் படவே இல்லை.

மெல்வின் ஓடிவந்து கட்டிப்பிடித்தார். திங்கட்கிழமையே ஒர்க்‌ஷாப்புக்கு வந்துவிடச் சொன்னார். நௌஃபல் வேலிப் பக்கம் நடந்தார். ரஹ்மத்துன்னிஸா முக்காட்டு நுனியால் முகத்தைப் பொத்திக்கொண்டு நின்றாள். பச்சை விழுந்ததிலிருந்து அவள் கண்ணைத் திறக்கவில்லை. அவர் காலடிச் சத்தம் கேட்டு, அப்படியே நின்றபடி கேட்டாள்.

"பச்ச விழுந்ததும் போயிட்டியளா மச்சான்?"

"போயிட்டேன். இனிமே எங்கயும் போகல."